மழை விடுமுறை

ஐப்பசி பிறந்துவிட்டால், திருவரங்கத்துச் சிறுவர்களாகிய நாங்கள் விடிந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்போம். அடுத்து, வானொலிக்குச் செவி கொடுப்போம். கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று மாவட்ட ஆட்சியர் அறிவித்துள்ளதாகச் செய்தி வருமா என்று, புத்தகப் பையைத் தொடாமலே காத்திருப்போம். வைகுண்ட ஏகாதசியின் உள்ளூர் விடுமுறை முன்பே தெரிந்துவிடும். மழை விடுமுறையோ கடைசி வரை தெரியாது. அந்தத் தெரியாமையே எங்களுக்கு இன்பமாக இருந்தது.

ஆறாம் வகுப்பில் படித்தபோது அவ்வின்பம் கலைந்தது. இரவெல்லாம் மழை, விடுமுறை அறிவித்துவிட்டனர். குடையுடன் கடைக்குப் புறப்பட்ட நான், பள்ளி வாயிலில் என் வகுப்புத் தோழன் நனைந்து நிற்பதைக் கண்டேன். கொள்ளிடக் கரையில் குடியிருந்தவன் அவன். வீட்டில் வானொலி இல்லை.

“இன்னிக்கு லீவுடா, தெரியாதா?” என்றேன்.

பூட்டிய கதவைப் பார்த்தபடியே, “அப்ப இன்னிக்குச் சோறு போட மாட்டாங்களா?” என்றான். அவன் கையில் தட்டு இருந்தது.

சத்துணவுத் திட்டம் 1982ஆம் ஆண்டு சூலைத் திங்களில், திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது என்று படித்திருந்தேன். அதன் பொருளை அன்றுதான் உணர்ந்தேன். அவனை வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். அம்மா ஒன்றும் கேட்காமல் இன்னோர் இலை போட்டார்.

விடுமுறையை எவ்வாறு முடிவு செய்கிறார்கள் என்பதைப் பின்னாளில் அறிந்துகொண்டேன். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்வது கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. இவ்வாறு வகுத்துக்கொண்டு வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. ஆனால், நிறம் மட்டுமே முடிவைத் தந்துவிடாது. தாழ்வான தெருக்களில் தேங்கிய நீர், ஊறிப்போன சுவர்கள், கோரையாற்றிலும் உய்யக்கொண்டான் வாய்க்காலிலும் ஓடும் வெள்ளம் ஆகிய யாவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவும் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே முடிவெடுத்தாக வேண்டும்.

நம் ஊரில் வானத்தை மட்டும் நம்பவும் இயலாது. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை மேட்டூர் அணையை நிரப்பி, முக்கொம்பில் காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிந்து, திருவரங்கத்தின் இருபுறமும் பாயும். இங்கே வெயில் காயும்போதும் ஆறு கரைபுரளக் கூடும். அத்தகைய பெருவெள்ளம் வந்த 2018 ஆகத்துத் திங்களில்தான், முக்கொம்புக் கொள்ளிட மேலணையின் மதகுகள் சில இடிந்து விழுந்தன.

விடுமுறை விட்ட நாளில் வெயில் அடித்தால் ஊர் நகைக்கும். விடாத நாளில் வெள்ளம் புகுந்தால் ஊர் அழும். நகைப்பைத் தாங்கிக்கொள்ளலாம். ஆகவே, ஐயம் எழும்போது பள்ளியை மூடுவதே அறம் என்பேன். இழந்த பாடத்தைச் சனிக்கிழமை ஈடு செய்துவிடும். ஒரு நண்பகலின் பசியை எந்தச் சனிக்கிழமையும் ஈடு செய்யாது. 2022இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கியபின், தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் பலர்க்குப் பூட்டிய பள்ளி என்பது இருவேளை உணவின் இழப்பு. பள்ளியை மூடும் கை, அந்த உணவுக்கும் வழி காண வேண்டும்.

மாணவர்களே, நாளை உங்களுள் ஒருவர் ஆட்சியர் நாற்காலியில் அமரலாம். மழைமானியின் அளவைக் கேட்கும்போது, நனைந்த அந்தத் தட்டையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.