கடைசி வரியை முதலில் எழுதும் கொப்பி

அந்த டீச்சரின் பாடக்குறிப்புக் கொப்பியில் ஒவ்வொரு பக்கமும் பாடத்தின் முடிவிலிருந்து தொடங்குகிறது. நான் போன நாளுக்கான பக்கத்தின் உச்சியில் இப்படி இருந்தது: 'மணி அடிக்கும்போது, வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் பிள்ளை டாக்டரிடம் அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும்.' மற்ற எல்லாம் அந்த வரிக்குக் கீழே, அதை நோக்கி ஏறும் படிகளாக எழுதப்பட்டிருந்தன.

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பாதையில், தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள பாடசாலை அது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். ஆறாம் தரம். ஒரு பாடவேளை 40 நிமிடம். டீச்சரும் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான்.

"ஐயா, புத்தகத்துல முதல் பக்கத்துல எழுத்து இருக்கு. நான் அதுல தொடங்க மாட்டேன். இந்தப் புள்ளைங்களுக்கு முதல்ல காது பழகணும்" என்றார்.

முதல் ஐந்து நிமிடம் முந்தைய பாடத்தை நினைவுபடுத்துவதில் போனது. அடுத்த கட்டத்தில் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. டீச்சர் "ஒளுவ" என்றதும் எல்லாரும் தலையைத் தொட்டார்கள். "கன" என்றதும் காது. வேகம் கூடக்கூடக் கைகள் தடுமாறின, சிரிப்பு எழுந்தது. பேச வேண்டிய கட்டாயம் இல்லாததால் பின்வாங்கு மேசைப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கேட்டதைச் செயலால் காட்டும்போதே யாருக்குப் புரிந்தது, யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தொடுகிறார் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது.

பிறகு ஒலி. 'பட' என்றால் வயிறு. தமிழில் எழுதினால் 'பால்', 'பஸ்' இரண்டுக்கும் ஒரே பகரம்தான். சிங்களத்திலோ இரண்டும் வேறு வேறு எழுத்து. 'பட' என்பதை 'பால்' ஒலியில் தொடங்கினால் அது கேட்பவர் சிரிக்கும் வேறொரு சொல்லாகிவிடும். டீச்சர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தொண்டையில் விரலை வைத்து "பஸ்" என்று சொல்லச் சொன்னார். அதிர்வு விரலில் பட்டது. அதே அதிர்வோடு "பட". நாளும் பஸ்ஸில் போகிற பிள்ளைகளின் வாயில் அந்த ஒலி ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலையாக இருந்தது.

மூன்றாவது கட்டத்தில் இருவர் இருவராகக் கேள்வியும் பதிலும். "கொஹெத ரிதென்னே?" எங்கே வலிக்கிறது? "பட ரிதெனவா." "கவதா இந்தலாத?" எப்போதிலிருந்து? "ஈயே இந்தலா." நேற்றிலிருந்து.

நான்காவது கட்டத்தைத்தான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளைகள் முன்னால் வந்தார்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் தமிழ் மட்டும் தெரிந்த அப்பாயி, நடுவில் பேரப்பிள்ளை. தோட்டத்தில் இது நாடகமே அல்ல. பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போய் இரண்டு பக்கமும் பேசுவது பல வீடுகளில் பிள்ளைகளின் வேலை. அப்பாயியாக நடித்த சிறுமி, பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்: "தலை கிறுகிறுன்னு வருது டாக்டர்." பேரன் திகைத்தான். "ஒளுவ…" என்று தொடங்கி, விரலைத் தலைக்கு மேல் சுற்றிக் காட்டினான். டீச்சர் குறுக்கிடவில்லை. அவன் முடித்த பிறகு, "ஒளுவ கெரகெனவா" என்று சொல்லிக் கொடுத்தார். வகுப்பு முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது. கொப்பியின் ஓரத்தில் அடுத்த பாடத்துக்கு அதைக் குறித்துக்கொண்டார்.

கரும்பலகையில் சிங்கள எழுத்து வந்தது கடைசிக் கட்டத்தில்தான். காதிலும் நாக்கிலும் பழகிய சொற்களையே பிள்ளைகள் வாசித்தார்கள், எழுதினார்கள்.

2007 பாடத்திட்டச் சீர்திருத்தம் ஈடுபடுதல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளை ஆசிரியர்கள் முன் வைத்தது. பல கொப்பிகளில் அவை தலைப்புகளாக மட்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அவற்றின் பொருளைக் கண்ணால் கண்டேன். மொழிப் பாடத்தில் படிகள் என்பது, பிள்ளையின் பயத்தை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கும் ஒழுங்கு. முதலில் பேசாமல் இருக்க உரிமை. பிறகு கூட்டத்தோடு பேச இடம். பிறகு ஒருவரோடு. அதன் பின்தான் தனியாக, எதிர்பாராத சொல்லுக்கு முன்னால். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள். மற்றவர்கள் அன்றோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

மலையகத்தில் இதன் கனம் அதிகம். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1970களில் தொடங்கித்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். சட்டம் சொன்ன பிறகும், வைத்தியசாலை மேசைக்கு அந்தப் பக்கம் தமிழ் தெரிந்தவர் எப்போதும் இருப்பதில்லை. அங்கே தமிழில் பதில் பெறுவது அப்பாயியின் உரிமை. அதை ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டு அரசு ஓய முடியாது. ஆனாலும் அந்த உரிமை கிடைக்கும்வரை அவள் வயிற்றுவலி காத்திருக்காது.

ஆகவே பாடக்குறிப்பைக் கையொப்பம் வைக்கும் தாளாகப் பார்க்கும் பழக்கம் மாற வேண்டும். வகுப்புக்கு வரும் அதிகாரிகள் கொப்பியின் தலைப்புகளை எண்ண வேண்டாம். மணி அடித்ததும் பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளையை அழைத்து, அன்றைய பாடத்தின் கடைசி வரி சொல்வதைச் செய்யச் சொல்லட்டும். அந்தப் பிள்ளையால் முடிந்தால் பாடம் நடந்திருக்கிறது.