உரோமாபுரியில் ஒரு பகல்

உரோமாபுரியை ஒரே நாளிற் பார்த்து முடிக்கலாமா என்று எம்மைக் கேட்போர் பலர். முடியாது என்பதே எமது மறுமொழி. ஆயினும் ஒரு நாளாவது வாய்க்குமாயின் அதனைத் தவறவிடல் ஆகாது. யூன் மாதத்தில் எமக்கு வாய்த்தது அத்தகைய ஒரு நாளே. காலை எட்டு மணிக்குப் புளோரன்சு நகரத்திலிருந்து வந்திறங்கி, இரவு ஒன்பது மணிப் புகையிரதத்தில் மீளவேண்டும்.

உடன் வந்தவர் எமது தமக்கையார். முப்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றிற் சரித்திரம் படிப்பித்து இளைப்பாறியவர். சீசரின் பெயரையும் அகஸ்தசின் பெயரையும் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவர். அவர்கள் நடந்த தெருவைக் கண்டவரல்லர். வயதோ எழுபத்தொன்று, முழங்கால் வலி வேறு. “இன்னொருமுறை இவ்வளவு தூரம் வர என் கால்கள் இடங்கொடா, தம்பி” என்று வழியிலேயே சொல்லிவிட்டார். எமது சட்டைப்பையிலோ மணிக்கணக்கு வகுத்த நிகழ்ச்சிநிரல் ஒன்று இருந்தது. அந்தத் தாளுக்கும் அக்காவின் கால்களுக்கும் இடையே அன்று நடந்த போராட்டத்தையே இங்கு கூறப்போகின்றோம்.

நிலக்கீழ்ப் புகையிரதத்தில் இரண்டே தரிப்புகள் சென்று மேலேறியதும் கொலோசியம் எதிரே நின்றது. வெஸ்பாசியன் தொடங்கி, அவன் மகன் தித்தூசு கி. பி. 80 இல் திறந்துவைத்த அரங்கு அது. நீளம் 188 மீற்றர்; ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பேர் இருந்து, மனிதனை மனிதனும் விலங்கும் கொல்வதைப் பார்த்த இடம். வாயில் வளைவுகளின்மீது வெட்டப்பட்ட எண்கள் சில இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. நுழைவுச்சீட்டில் உள்ள எண்ணைக் கொண்டு அக்காலத்தவர் தத்தம் வாயிலைக் கண்டுகொண்டனராம். சுவரெங்கும் அம்மைத் தழும்புபோற் குழிகள். கற்களைப் பிணைத்திருந்த இரும்பைப் பிற்காலத்தார் தோண்டி எடுத்ததன் அடையாளம் அவை. வியப்புத் தந்தது கட்டடம், மகிழ்ச்சி தரவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் வெளியேறினோம்.

அடுத்தது போரம் என்னும் பழைய நகரமையம். அங்கேதான் எமது நிகழ்ச்சிநிரல் குலைந்தது. கரிய கற்கள் பாவிய திருவீதி மேடும் பள்ளமுமாய்க் கிடந்தது. அக்கா எமது தோளைப் பற்றிக்கொண்டு நடந்தார். சீசரின் உடல் கி. மு. 44 இல் எரியூட்டப்பட்ட இடத்தில் இன்றும் எவரோ மலர் வைத்துச் செல்கின்றனர். மாக்சென்தியசு மண்டபத்தின் பெருவளைவுகளின் அருகே அக்கா நின்றார். அந்த மண்டபம் எழுமுன் அவ்விடத்தில் மிளகுக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் உரிய பண்டசாலை ஒன்று இருந்தது. தொமீசியன் என்ற மன்னன் கட்டுவித்தது. யவனரின் மரக்கலங்கள் முசிறியிற் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றியதை அகநானூறு கூறும். ஏறிய துறையைப் பாடத்திற் படித்த நாம், இறங்கிய இடத்தை அன்றுதான் கண்டோம்.

பகல் ஒரு மணி கடந்தது. தலைக்குமேல் வெயில் கொளுத்தியது. “தம்பி, நிழலைப் பார்” என்றார் அக்கா.

எமது நிழல்கள் வடக்கு நோக்கிக் குறுகி விழுந்திருந்தன. யாழ்ப்பாணத்தில் யூன் மாத நண்பகலில் நிழல் தெற்கே விழும்; சூரியன் அப்போது எமது தலைக்கு வடக்கே நிற்பதே காரணம். உரோமாபுரியிலோ ஆண்டு முழுவதும் நண்பகல் நிழல் வடக்கேதான். இதிற் புதுமை என்ன என்று வினவினோம். அக்கா விளக்கினார். குளோடியசு மன்னன் காலத்தில், அதாவது கி. பி. 41 இற்கும் 54 இற்கும் இடையில், இலங்கையிலிருந்து நான்கு தூதர் இந்நகரத்துக்கு வந்தனர். அச்செய்தியை எழுதிவைத்தவர் மூத்த பிளினி. செங்கடற் பகுதியிலே வரி அறவிடும் ஒருவரின் ஆள், காற்றினால் அடிபட்டு இலங்கைக் கரையை அடைந்ததும், வெவ்வேறு மன்னர் அடித்த உரோம வெள்ளிக்காசுகள் யாவும் ஒரே நிறையாயிருக்கக் கண்டு எமது மன்னன் வியந்ததும், அதன்பின் தூதரை அனுப்பியதும் அதிலே உள்ளன. வந்த தூதரை எல்லாவற்றிலும் மேலாக வியக்கவைத்தது யாது? மாளிகைகள் அல்ல, தம் நிழல் தம் நாட்டில் விழாத பக்கத்தில் விழுந்ததே!

“இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கே முழு நம்பிக்கை இல்லை” என்று கூறி, அக்கா ஒரு கல்லின்மேல் அமர்ந்துவிட்டார்.

மூன்று மணிக்கு வத்திக்கான் நூதனசாலையில் நிற்கவேண்டும். சீட்டு முன்னரே வாங்கியாயிற்று; பணம் மீளாது. மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய விதானத்தைக் காணவேண்டுமென்பது எமது இளமைக்கால ஆசை. “நீ போய்ப் பார்த்துவா, நான் இங்கே இருக்கிறேன்” என்றார் அக்கா. போகவில்லை. மனம் இலேசாக விட்டுக்கொடுத்தது என்று சொல்லமாட்டோம்; அந்த விதானத்தின் படத்தை எங்கேனும் காணும்போது இன்றும் ஓர் ஏக்கம் எழுகின்றது.

பிற்பகலில் திரேவி நீரூற்றைத் தலைகளுக்கிடையே எட்டிப் பார்த்தோம். அங்கே எறியப்படும் காசுகள் ஏழைகளுக்கான தருமத்துக்குச் செல்கின்றன என்பது நல்ல செய்தி. மற்றப்படி, எம் கண்ணைக் கவர்ந்தவை தெருவோரத்துச் சிறு குழாய்களே. நகரெங்கும் இரவும்பகலும் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கின்றது. அதன் மூக்குப் போன்ற வளைவைக் கொண்டு ஊரார் ‘பெருமூக்கு’ என்று அழைக்கின்றனர். கிணற்று நீரை எண்ணியெண்ணி இறைத்து வளர்ந்த எமக்கு, அந்த நீர் வீணே வழிவதைப் பார்க்க நெஞ்சு பதைத்தது. போத்தலை நிரப்பிக்கொண்டோம்.

பந்தியன் ஆலயம் வேறுவகை. ஏதிரியன் காலத்தில், ஏறக்குறைய கி. பி. 126 இல், நிறைவெய்திய அதன் குவிமாடம் 43 மீற்றர் அகலம். நிலத்திலிருந்து உச்சியும் அதேயளவு. இரும்புக்கம்பி இடாத கொங்கிறீற்றுக் குவிமாடங்களில் இதனை விஞ்சியது இன்றுவரை இல்லை. மேலே செல்லச்செல்லப் பாரங்குறைந்த கல்லைக் கலந்து கட்டியதே சூட்சுமம். உச்சியில் ஏறத்தாழ ஒன்பது மீற்றர் அகலத்தில் வெறும் துளை. மழை உள்ளேயே பெய்யும், நிலத்துத் துவாரங்கள் வழியே வடிந்துவிடும். துளைவழி வந்த வெயில் சுவரிலே வட்டமாய் நின்றது. அக்கா அது நகர்வதைப் பார்த்தபடி இருந்தார். நாமும் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டிருந்தோம்.

மாலையில் புனித பேதுரு பேராலயம். தோளை மூடாது வந்தோரைக் காவலர் மறித்தனர். அக்காவின் சேலைக்குத் தடையில்லை. மரித்த மகனை மடியிற் கிடத்திய அன்னையின் சிலையை, மைக்கலாஞ்சலோ இருபத்தைந்து வயதுக்குள் செதுக்கியதை, அங்கே கண்டோம். 1972 இல் ஒருவன் சுத்தியலால் அடித்துச் சிதைத்தபின் அதனைத் திருத்திக் கண்ணாடிக்குப் பின்னே வைத்துள்ளனர். விதானம் கிட்டாத எமக்கு இச்சிலை கிட்டியது.

புகையிரத நிலையத்தை அடைந்தபோது இருபது நிமிடமே மிஞ்சியிருந்தது. வாயிலருகே பெருங்கற்களாலான மதில் ஒன்று. கி. மு. நான்காம் நூற்றாண்டில் நகரைக் காக்க எழுப்பியது; சீசருக்கும் மூத்தது. அதன் துண்டொன்று நிலையத்தின் கீழ்த்தளத்து உணவுக்கடைக்குள்ளும் நிற்கின்றதாம். பெட்டிகளை இழுத்துக்கொண்டு மேடை எண்ணைத் தேடினோம். திரும்பிப் பார்த்தால், அக்கா மதிலிலே கைவைத்துக் கல்வரிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.