விதை நெல்லும் விளைந்த கதிரும்

உழவன் வீட்டில் இருவகை நெல் உண்டு. ஒன்று உண்பதற்கு உரியது. மற்றொன்று விதைப்பதற்கு உரியது. குதிர் காலியாகிப் பசி வாட்டும் நாளில், உத்தரத்தில் தொங்கும் விதைக்கோட்டையின் மீது கண் செல்வது இயல்பே. அதை அவிழ்த்தால் இன்றைய அடுப்பு எரியும். அடுத்த பருவத்து வயல் தரிசாகும். அவிழ்க்காமல் காத்தால் நாளை விளையலாம். மழை பொய்த்தால் அந்த விதையும் மண்ணோடு மண்ணாய் மக்கிப் போகும். இன்றைய தேவைக்கும் நாளைய நம்பிக்கைக்கும் இடையே நின்று முடிவு செய்யும் இந்தத் துன்பம் அரசுக்கும் உண்டு, வணிகத்துக்கும் உண்டு. விளையாட்டுக்கும் உண்டு என்பதை அமெரிக்க நாட்டுக் காற்பந்துக் குழுக்கள் ஆண்டுதோறும் நமக்குக் காட்டி வருகின்றன.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காற்பந்து என்றால் பந்தைக் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே நினைவுக்கு வரும். அமெரிக்கர் அப்பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. இரு முனைகளும் கூம்பிய பந்தைக் கையால் எறிந்தும், மார்போடு அணைத்து ஓடியும், எதிர்த்து வருவோரைத் தள்ளி வீழ்த்தியும் ஆடுவது அது. பக்கத்துக்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். பந்தை எறிபவரைக் 'குவார்ட்டர்பேக்' என்பர். ஓடிச் சென்று அதைப் பிடிப்பவரை 'ரிசீவர்' என்பர். காற்றில் பாய்ந்து, இரண்டு காவலர்களுக்கு மேலே எழும்பி, விரல் நுனியில் பந்தைப் பற்றும் ரிசீவரைக் காணத்தான் மக்கள் திரள்கின்றனர். அத்தகைய ஒருவரைப் பிற குழுவிலிருந்து பெறுவதற்காக எதிர்காலத்தையே விலையாகக் கொடுக்கலாமா? இதுவே இங்கே எழும் கேள்வி.

எதிர்காலத்தை எப்படி விலையாகக் கொடுக்க முடியும் என்று மாணவர் கேட்கக்கூடும். 'நேஷனல் ஃபுட்பால் லீக்' என்னும் அமைப்பில் 32 குழுக்கள் உள்ளன. கல்லூரிகளில் ஆடித் தேறிய இளைஞர்களை அக்குழுக்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, வரிசை முறைப்படி தேர்ந்தெடுக்கின்றன. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். பிலடெல்பியா ஈகிள்ஸ் குழுவின் உரிமையாளர் பெர்ட் பெல் முன்மொழிந்த இம்முறை, 1936ஆம் ஆண்டு அதே பிலடெல்பியாவில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. சென்ற ஆண்டு கடைசி இடத்தில் நின்ற குழுவுக்கு முதல் தேர்வு. வெற்றி வாகை சூடிய குழுவுக்குக் கடைசித் தேர்வு. செல்வக் குழுவே எந்நாளும் வெல்லாமல், நலிந்தவனும் ஒருநாள் எழ வழி வேண்டும் என்பதே இதன் அறம். இப்பொழுது இந்தத் தேர்வு ஏழு சுற்றுகளாக நடைபெறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழுவுக்குக் கிடைக்கும் தேர்வுரிமை ஒரு சொத்து. அதை விற்கலாம், மாற்றலாம், இன்னும் வராத ஆண்டின் உரிமையைக்கூட இன்றே கைமாற்றலாம். விதைக்கோட்டை என்பது இதுதான்.

விதை முளைக்குமா என்பது எவர்க்கும் தெரியாது. 2000ஆம் ஆண்டில் 198 இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகே டாம் பிரேடி என்னும் பெயர் அழைக்கப்பட்டது. பின்னாளில் அவர் ஏழு முறை 'சூப்பர் பௌல்' என்னும் இறுதிப் போட்டியை வென்றார். கேட் மாஸி, ரிச்சர்டு தேலர் என்னும் இரு அறிஞர்கள் இத்தேர்வுகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரே இடத்தில் ஆடும் இருவருள் முன்னதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து வந்தவரை விஞ்சியது நூற்றுக்கு ஏறத்தாழ 52 முறையே என்று அவர்கள் கண்டனர். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தேர்வுத் தாளில் முதலாம் எண் பெற்ற பிள்ளையே வாழ்க்கையிலும் முதல்வனாக வருவான் என்று உறுதி கூற எந்த ஆசிரியரும் துணியமாட்டார். விளையாட்டு வல்லுநர் மட்டும் எவ்வாறு துணிவார்?

இவ்வளவு ஐயத்துக்கு உரியது தேர்வுரிமை என்றால், அதைக் கொடுத்துவிட்டுக் கண்ணெதிரே திறம் காட்டிய ஒருவரைப் பெறுவதுதானே அறிவுடைமை? கிடைக்காத பலாக்காயைவிடக் கிடைத்த களாக்காய் மேல் என்றால், கிடைத்தது பலாவாகவே இருக்கும்போது தயக்கம் எதற்கு? இவ்வாறு வாதிடுவோர் உண்டு. அவர் வாதம் வலியதே. ஆனால் அதே ஐயம் எதிர்ப்பக்கமும் பேசும். எந்த விதை முளைக்கும் என்று அறிய முடியாதவன், கையில் பல விதைகளை வைத்திருப்பதே பாதுகாப்பு. ஐந்து உரிமைகளை ஒருவருக்காகக் கொடுப்பவன், ஐந்து வாய்ப்புகளை ஒரே மனிதனின் முழங்காலில் கட்டி வைக்கிறான்.

மேலும் விலை ஒருமுறை மட்டும் கொடுக்கப்படுவதில்லை. 1994 முதல் இந்த அமைப்பில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2022ஆம் ஆண்டில் ஒரு குழு தன் ஆட்டக்காரர் அனைவருக்குமாகச் செலவிடக்கூடிய தொகை 20 கோடியே 82 லட்சம் டாலர். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் இளைஞரின் ஊதியம் 2011ஆம் ஆண்டு உடன்பாட்டுக்குப் பின் குறைந்த அளவில் வரையறுக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் அவர் அந்த ஊதியத்துக்கே கட்டுப்பட்டவர். புகழ்பெற்ற ரிசீவரோ வந்து சேர்ந்தவுடன் புதிய ஒப்பந்தம் கேட்பார்; கேட்பதும் நேர்மையே. ஆக, அவரைப் பெறுவதற்குத் தேர்வுரிமை ஒரு விலை; அவரை வைத்துக் காப்பதற்குப் பொருள் மற்றொரு விலை. அந்தப் பொருளால் காவல் வரிசையில் இரண்டு மூன்று நல்லவர்களை நிறுத்தியிருக்கலாம் என்பது தோற்ற பின்னரே நினைவுக்கு வரும்.

வாதங்களை நிறுத்திவிட்டு நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டின் மார்ச்சு, ஏப்ரல் ஆகிய இரு மாதங்களில் மூன்று பெரும் ரிசீவர்கள் குழு மாறினர்.

முதலாமவர் டவான்டே ஆடம்ஸ். கிரீன் பே பேக்கர்ஸ் குழுவுக்கு முதற்சுற்று உரிமை ஒன்றும் இரண்டாம் சுற்று உரிமை ஒன்றும் கொடுத்து, லாஸ் வேகாஸ் ரைடர்ஸ் குழு அவரைப் பெற்றது. கல்லூரிக் காலத்தில் அவருக்குப் பந்து எறிந்த டெரெக் கார் அங்கே இருந்தார். நட்பும் திறமும் ஒருங்கே சேர்ந்தன என்று ஊர் மகிழ்ந்தது. ஆடம்ஸ் அந்த ஆண்டு 1,516 கெஜம் ஈட்டினார். எறிந்த பந்தைப் பிடித்துப் புள்ளி சேர்த்ததில் எவரையும்விட மிகுதியாக 14 முறை எல்லையைக் கடந்தார். ஆயினும் குழு வென்றது ஆறு, தோற்றது பதினொன்று. ஓராண்டிலேயே கார் நீக்கப்பட்டார். 2024 அக்டோபரில் ஆடம்ஸும் நியூயார்க் ஜெட்ஸ் குழுவுக்கு அனுப்பப்பட்டார். ஆட்டக்காரர் தவறவில்லை, அவரைச் சுற்றி எழுப்ப வேண்டிய வீடு எழவில்லை.

இரண்டாமவர் டைரிக் ஹில். கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் குழுவிடமிருந்து அவரைப் பெற மயாமி டால்பின்ஸ் குழு ஐந்து உரிமைகளைக் கொடுத்தது. நான்கு ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் ஒப்பந்தமும் தந்தது. அவர் வாங்கிய பொருளுக்குக் குறைவைக்கவில்லை. 2022இல் 1,710 கெஜம். 2023இல் 1,799 கெஜம். பின்னது அவ்வாண்டின் முதலிடம். ஆனால் அவரை விற்ற கான்சஸ் சிட்டி, அவர் இல்லாமலேயே 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் இறுதிப் போட்டியை வென்றது. விற்றுப் பெற்ற உரிமைகளில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்து முன்னேறி, டிரென்ட் மக்டஃபி என்னும் தற்காப்பு ஆட்டக்காரரை அக்குழு தேர்ந்தெடுத்தது. இரண்டு வெற்றிகளிலும் அவர் பங்கு கொண்டார். 2024 சனவரியில், பனி உறையும் கடுங்குளிரில், மயாமி அதே கான்சஸ் சிட்டியின் திடலுக்கு வந்து 26-க்கு 7 என்று தோற்றது. மயாமியின் ஒரே 'டச்டவுன்' ஹில் எடுத்தது. தன் பழைய வீட்டு முற்றத்தில் தனியொருவராக நின்று அவர் செய்யக்கூடியது அவ்வளவே.

மூன்றாமவர் ஏ. ஜே. பிரவுன். டென்னசி டைட்டன்ஸ் குழு அவரை முதற்சுற்று உரிமை ஒன்றுக்கும் மூன்றாம் சுற்று உரிமை ஒன்றுக்கும் பிலடெல்பியாவிடம் விட்டுக்கொடுத்தது. அப்பொழுது அவருக்கு வயது 24. பிலடெல்பியாவில் தற்காப்பும் முன்வரிசையும் உறுதியாக இருந்தன. பந்து எறியும் ஜேலன் ஹர்ட்ஸ் வளர்ந்து வந்தார். ஒரு சிறந்த கை மட்டுமே குறைவாக இருந்தது. அக்குழு அவ்வாண்டே இறுதிப் போட்டியை எட்டி 38-க்கு 35 என்று தோற்றது. 2025 பிப்ரவரியில் அதே கான்சஸ் சிட்டியை 40-க்கு 22 என்று வென்றது. பெற்ற முதற்சுற்று உரிமையில் டென்னசி தேர்ந்தெடுத்த இளைய ரிசீவரோ பிரவுனின் இடத்தை நிரப்பவில்லை. 2022 டிசம்பரில் பிரவுன் தம் பழைய குழுவுக்கு எதிராகவே இரண்டு டச்டவுன் எடுத்தார். அடுத்த இரண்டு நாளில் டென்னசியின் பொதுமேலாளர் பதவி இழந்தார்.

மூன்றும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. மூன்று ரிசீவர்களும் தத்தம் கடமையைச் செய்தவர்கள். விளைவு மட்டும் ஏன் வேறுபட்டது? வேறுபாடு வாங்கிய குழுவில் இருந்தது. ரிசீவர் தாமாகப் பந்தை உண்டாக்குபவர் அல்லர். எறிபவர் வேண்டும், எறிபவர் நிமிர்ந்து நிற்க அவருக்கு முன் ஐவர் காவல் வேண்டும், எதிரியின் புள்ளியைத் தடுக்கப் பின்னே பதினொருவர் வேண்டும். கோபுரம் எழுந்த பின் கலசம் வைப்பவன் அறிஞன். அடித்தளம் இடும் முன்பே கலசத்துக்குப் பொன் தேடுபவனை என்னவென்று சொல்வது?

கொடுத்தவர், பெற்றவர் இருவரும் நலம் பெற்ற வணிகமும் உண்டு. 2020இல் மினசோட்டா வைக்கிங்ஸ் தன் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை பஃபலோ பில்ஸ் குழுவுக்குத் தந்து, முதற்சுற்று உரிமை உள்ளிட்ட பலவற்றைப் பெற்றது. டிக்ஸ் அவ்வாண்டே 127 முறை பந்து பிடித்து 1,535 கெஜம் ஈட்டி முதலிடம் பெற்றார். மினசோட்டா அந்த உரிமையைக் கொண்டு 22ஆவது இளைஞராக ஜஸ்டின் ஜெஃபர்சனைத் தேர்ந்தெடுத்தது. அவர் முதல் ஆண்டிலேயே 1,400 கெஜமும் 2022இல் 1,809 கெஜமும் ஈட்டினார். ஒருவனுக்குக் கதிர் தேவைப்பட்டது. மற்றவனுக்கு விதை தேவைப்பட்டது. அவரவர் தேவையை அவரவர் சரியாக அறிந்திருந்தனர்.

பழைய வரலாறும் ஒன்று உண்டு. 1971 முதல் 1977 வரை வாஷிங்டன் குழுவைப் பயிற்றுவித்த ஜார்ஜ் ஆலன், எதிர்காலம் என்பது இன்றே என்னும் கொள்கை உடையவர். இளைஞரைத் தேரும் உரிமைகளை வாரி வழங்கி, தேர்ந்த மூத்த ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். குழு பலமுறை வென்றது. 1973 சனவரியில் இறுதிப் போட்டிவரை சென்றது. அங்கே 14-க்கு 7 என்று தோற்றது. கோப்பை கிட்டவில்லை. 1968க்குப் பிறகு அக்குழு முதற்சுற்றில் ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுக்க 1980 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர்ட் மங்க் ஒரு ரிசீவர்! அவர் ஆடிய காலத்தில் வாஷிங்டன் மூன்று முறை இறுதிப் போட்டியை வென்றது. ஆலனைப் பழிப்பதற்கு இல்லை. அவர் தோல்வியில் கிடந்த ஊருக்கு மகிழ்ச்சி தந்தார். ஆனால் அந்த மகிழ்ச்சியின் கடனைப் பின்வந்தோர் அடைத்தனர்.

இங்கேதான் மறைந்திருக்கும் உண்மை வெளிப்படுகிறது. மூன்று ஆண்டுக்குப் பின் பயன் தரும் உரிமையை விற்பவர், மூன்று ஆண்டுக்குப் பின் அப்பதவியில் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. இன்று வெல்லாவிட்டால் நாளை அவருக்கு வேலை இல்லை. ஆகையால், தாம் அறுக்கப் போகாத வயலின் விதையை அவர் எளிதாக விலை பேசுகிறார். நாளைய உரிமையை அளவுக்கு மீறிக் குறைத்து மதிக்கும் பழக்கம் குழுக்களிடம் உண்டு என்பதை முன்னர்க் கூறிய அறிஞர் இருவரும் எடுத்துக்காட்டியுள்ளனர். முடிவு செய்பவன் ஒருவனாகவும் விளைவைச் சுமப்பவன் மற்றொருவனாகவும் இருக்கும் இடத்தில் எல்லாம் இந்தத் தவறு நிகழும். குழுவின் உரிமையாளர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இந்த ரிசீவர் எவ்வளவு சிறந்தவர்?' என்பதன்று; 'இதற்கு உரிய விலையை யார் கொடுக்கப் போகிறார்?' என்பதே.

அப்படியானால் முடிவு யாது? நிலையாகப் பந்து எறியும் ஒருவர் குழுவில் இருக்கிறாரா? குழு ஏறத்தாழ நிறைவு பெற்று ஓர் இடம் மட்டுமே வெறுமையாக உள்ளதா? வரும் ரிசீவர் இன்னும் நான்கைந்து ஆண்டுகள் விரைந்து ஓடும் இளமை உடையவரா? அவருக்கு ஊதியம் தந்த பின்னும் மற்றவர்க்குத் தரப் பொருள் மிஞ்சுமா? இந்நான்கு கேள்விகளுக்கும் ஆம் என்று கூற முடிந்தால் உரிமைகளைக் கொடுத்து வாங்கலாம். தயங்கினால் காலம் கடந்துவிடும். ஒன்றுக்கேனும் இல்லை என்று விடை வந்தால், எவ்வளவு பெரிய புகழுக்கு உரியவர் ஆயினும் வாங்காதிருத்தலே நன்று. மக்கள் கூச்சலிடலாம். அந்தக் கூச்சலைப் பொறுக்கும் வலிமையே தலைமைக்கு அழகு.

இறுதியாக ஒன்று. உரிமைகள் என்றும் சொத்து என்றும் விலை என்றும் பேசும்போது, பேசப்படுபவர்கள் மனிதர்கள் என்பது மறந்துபோகிறது. 2025 செப்டம்பரில் டைரிக் ஹில் களத்தில் விழுந்து முழங்கால் மூட்டு பிசகினார். அவரைப் பெறுவதற்கு ஒரு காலத்தில் கொடுக்கப்பட்ட ஐந்து உரிமைகளும் அந்தக் காலைத் தாங்கிப் பிடிக்கவில்லை. எங்கோ ஒரு சிற்றூர்க் கல்லூரியில், எவராலும் இன்னும் பெயர் அறியப்படாத இளைஞன் ஒருவன், விளக்கு அணைந்த திடலில் தனியே பந்து பிடித்துப் பழகிக்கொண்டிருப்பான். அவன் எந்தக் குழுவின் எந்தச் சுற்று உரிமை என்பது அவனுக்கே தெரியாது. அவனுக்காக ஓர் இடத்தைக் காத்து வைப்பதா, வேண்டாவா என்பதைத்தான் பெரியவர்கள் கூடத்தில் அமர்ந்து விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.