குடவோலையும் பதினாறு பொட்டியும்

டிஸ்கி: பொட்டி தட்டுறவன் பொலம்பல் மாதிரி ஆரம்பிக்கும். பயப்படாதீங்க மக்களே, ஊர்ப்பக்கம் போயிடுவேன் :-)

எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பொதுவா 40 கணினி இருக்கு. வேணுங்கறவங்க முன்பதிவு பண்ணிக்கலாம். பொங்கலுக்கு முன்னாடி நான் 16 எடுத்தேன். முடியற நேரம் போடாம உத்திரமேரூருக்கு பஸ் ஏறிட்டேன். வேலை அன்னிக்கு ராத்திரியே முடிஞ்சுது. ஆனா 16ம் நாலு நாள் என் பேர்ல சும்மா கெடந்துது. கூட வேலை பாக்குற தம்பி காத்திருந்து, சொன்ன தேதிக்கு முடிக்க முடியாம திட்டு வாங்கினார். என்னை ஒரு வார்த்தை கேக்கல. அதான் உறுத்துது.

போன வாரம் ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட சொன்னேன். "நம்ம முறை முடிஞ்சா மடைய அடைச்சிட்டு வரணும்டா. நீ தூங்கிட்டா அடுத்தவன் கழனியில்ல காயும்?"னார்.

சாயங்காலம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். சின்ன வயசுலேர்ந்து பாத்த கல்வெட்டுதான், பராந்தக சோழன் காலத்துது, கி.பி. 921. ஏரி வாரியத்துக்கு 6 பேர். குடத்துல ஓலை போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லணும். பதவி 360 நாள், அப்புறம் தானா எறங்கிடணும். வாரியத்துல இருந்தவர் அடுத்த 3 வருஷம் நிக்க முடியாது. கணக்கு காட்டாதவருக்கு இடமே இல்ல.

கணினியில இதைத்தான் 'லீஸ்'னு கிரேவும் செரிட்டனும் 1989ல எழுதினாங்க. தூரத்துல இருக்கற பொட்டி செத்துடுச்சா, இல்ல பதில்தான் லேட்டான்னு நமக்குத் தெரியாது. அதனால உரிமையைக் கெடு வச்சே குடுக்கணும். புதுப்பிக்கலன்னா அதுவா போயிடும். 1994ல வால்ட்ஸ்பர்கரும் வெய்ல்லும் சீட்டுக் குலுக்கி வேலைக்கு முறை குடுக்கறதையும் கொண்டுவந்தாங்க. ஒரு சீட்டு இருந்தாலும் என்னிக்காவது முறை வரும்.

ரொம்பப் பெருமைப்படவும் வேணாம். நிலமும் வேதப் படிப்பும் இருந்தவங்க பேர்தான் அந்தக் குடத்துல இருந்துது. சேத்துல எறங்கினவனுக்கு ஓலையே இல்ல. சீட்டே இல்லாதவனுக்கு, குலுக்கல் நேர்மையா நடந்து என்ன புண்ணியம்?

திங்கக்கெழமை தம்பிகிட்ட மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணா, அடுத்த பொங்கலுக்கு 16ம் எனக்கு"ன்னார்.

இப்பல்லாம் முடியற நேரத்தைத்தான் மொதல்ல போடறேன்.