பற்றறிக்குள்ள இருந்த கரி

தொண்ணூறுகளில் பாப்பாமோட்டைப் பக்கம் பற்றறி கிடையாது. பொருளாதாரத் தடை. செத்த பற்றறிக்கு ஆணியால் ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விடுவினமாம், வெயிலில் காயவைப்பினமாம். அதுவும் சரிவராட்டி சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டிருக்கினம். அப்பா இந்தக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பார் எண்டு கணக்கில்லை.

நான் கலைப்பீடம். ஆனாலும் உப்புத்தண்ணி விட்டா ஏன் திரும்ப எரியுது எண்டு ஒருநாள் தேடத் தொடங்கினன். உள்ளேயிருக்கும் கறுப்புத்தூள் ஒரு சாமான் இல்லை, இரண்டு. ஒன்று மங்கனீசு ஈரொட்சைட்டு. வேலை செய்வது அதுதான், ஆனால் மின்னைக் கடத்துவதில் படுமோசம். மற்றது வெறும் கரி. அது வேலை ஒன்றும் செய்யாது. ஒட்சைட்டுத் துணிக்கை ஒவ்வொன்றுக்கும் இலத்திரனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். அயன்கள் நடக்க ஈரம் வேண்டும். அது காய்ந்துவிட்டால் உப்புத்தண்ணி கொஞ்ச நேரம் கைகொடுக்கும். 1866இல் லெக்லாஞ்சே செய்த கலத்திலும் இதே கூட்டுத்தான்.

இண்டைக்கு மீமின்தேக்கி ஆராய்ச்சியிலும் கதை மாறவில்லை. ஒட்சைட்டைத் தடிப்பாகப் பூசினால் உள்பக்கம் சும்மா கிடக்கும். கரித்துணியிலோ கிரபீனிலோ மெல்லிசாகப் படியவிட்டால் அதே ஒட்சைட்டு பலமடங்கு சேமிக்கும். தாங்கி சிலவேளை பொய்யும் சொல்லும். நிக்கல் நுரையைத் தாங்கியாக வைத்தால், காரக் கரைசலில் நிக்கலே தாக்கமடைந்து தன் பங்கையும் சேர்த்துக் காட்டும். ஒட்சைட்டைச் சொட்டாகப் பூசியிருந்தால் வரும் இலக்கத்தில் பாதி ஆருடையது எண்டு கேட்கத்தான் வேணும். (இந்த இடம் எனக்கு நல்லாப் பிடிச்சது. எங்கட சமூகவியல் வகுப்பிலும் கேட்கிற கேள்விதான்.)

மன்னார்த் தீவில் 'தம்பபவனி' காற்றாலைகள் 30 நிக்குது, 103.5 மெகாவாற்று. காற்று எங்கட நேரம் பார்த்து வீசாது, ஆகவே சேமிப்பு தேவை. தீவின் மணலிலே இல்மனைற்று, அதாவது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. பெரும்பாலும் வெள்ளைப் பெயின்றுக்குத்தான் போகும். ஆனால் தைத்தேனியத்தில் பற்றறி மின்வாயும் செய்யலாம், லிதியம் தைத்தனேற்று. அதுவும் மின் கடத்தாது, அதற்கும் கரி பூசவேணும். அந்தக் கரிக்கு போகலையிலும் கஹட்டகஹவிலும் உலகத்தரமான காரீயம் கிடக்குது.

இரண்டையும் தோண்டிக் கப்பலேற்றுவதுதான் இதுவரைக்கும் எங்கட நாட்டுத் திட்டம். மணலைத் தோண்டினால் நிலம் பதிந்து கடல் உள்ளுக்கு வரும், குடிக்கிற தண்ணி உவராகும் எண்டு தீவுச்சனம் றோட்டில் இறங்கியிருக்குது. வளர்ச்சிக்கு எதிரானவை எண்டு அவையளைப் பேசுகிறவர்கள், அந்த மணலுக்கு மேல ஆர் இருக்கினம் எண்டு முதலில் வந்து பார்க்கட்டும்.