மனம் நொந்த பிள்ளைக்கு மருத்துவம் எங்கே?

கால் ஒடிந்தால் கட்டுப் போடுகிறோம். காய்ச்சல் கண்டால் ஊசி போடுகிறோம். பல் வலித்தாலும் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறுகிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை பத்து நாட்களாக உண்ணாமல், உறங்காமல், வாய் திறவாமல் மூலையில் முடங்கிக் கிடந்தால் மட்டும் என்ன செய்கிறோம்? எலுமிச்சம்பழம் வாங்குகிறோம்!

ஏளனமாகக் கூறவில்லை; எங்கள் குயிலாப்பாளையத்தில் கண்டதைக் கூறுகிறோம். கிழக்கே கடல், சுற்றிலும் செம்மண்ணும் முந்திரியும். 1968இல் ஆரோவில் தோன்றிய பின்னர், பல நாட்டு மக்களும் நடமாடும் தெருக்களாகிவிட்டன எங்கள் தெருக்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் தேநீர்க் கடையிலே கேட்கும். ஆனால், "அம்மா, எனக்கு மனம் சரியில்லை" என்று தாய்மொழியிலே ஒரு பிள்ளை தன் வீட்டில் சொல்ல இயலவில்லை. சொன்னால், "உனக்கு என்ன குறை? மூன்று வேளையும் சோறு இல்லையா?" என்பதே மறுமொழி.

எங்களிடம் பத்தாம் வகுப்புப் படித்த மாணவி ஒருத்தி அப்படித்தான் பேச்சை நிறுத்தினாள். காற்றுக் கருப்பு என்றார் பாட்டி. வேப்பிலை அடித்தார்கள், மணிக்கட்டில் தாயத்து ஏறிற்று, பூசாரிக்கு இரண்டாயிரம் ரூபாய் போயிற்று. தந்தை கொத்து வேலை செய்பவர். அந்த இரண்டாயிரம் கடன். பூசாரி நிறுத்தச் சொன்னது பள்ளியை. ஒருவரும் கேட்காதது அவளுடைய வாயை. நாங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று மாலைகள் அமர்ந்து பேசி, நான்காம் நாள் அவளையும் தாயையும் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். சில கல் தொலைவுதான். அந்தச் சில கல்லைக் கடக்க அக்குடும்பத்துக்கு நான்கு மாதம் ஆயிற்று. "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்னும் கேள்வி வழியை மறித்து நின்றது. இன்று அவள் பள்ளிக்கு வருகிறாள், பேசுகிறாள், சில நாட்களில் பேசாமலும் இருக்கிறாள்.

கீழ்ப்பாக்கம் என்பது சென்னையில் ஓர் இடத்தின் பெயர். அதனை வசைச்சொல் ஆக்கியவர்கள் நாம் அல்லவா? நோயுற்றோரைச் சங்கிலியில் பிணைத்துவிட்டுப் "புனிதம்" என்று பெயரிட்டதன் விளைவை ஏர்வாடியிலே கண்டோம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் கொட்டகையில் தீப்பற்றியது. கட்டுண்டு கிடந்தவர் ஓடவும் வழியின்றி 28 பேர் மாண்டனர். எந்தச் சமயத்தின் பெயரால் என்பதன்று கேள்வி. சங்கிலிக்குச் சமயம் ஏது?

அறியாமை நமக்கு மட்டும் உரியதும் அன்று. 1935இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரிலே சாட் வாரா என்ற இளம் பாதிரியார் நடத்திய முதல் இறுதிச் சடங்கு 14 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. மாதவிலக்கு வந்ததைக் கொடிய நோய் என்று அஞ்சி அவள் உயிரைப் போக்கிக்கொண்டாள். ஒரு சொல் சொல்ல ஆள் இல்லை! அது அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1953இல் இலண்டனில், துன்புற்றோர் தொலைபேசியில் அழைத்துப் பேச "சமாரிட்டன்ஸ்" என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1986இல் சென்னையிலே மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய "சிநேகா"வும் அவ்வழி வந்ததே. காதுகொடுத்துக் கேட்பது, அதுவே அங்கு முதற்பணி.

எண்ணிக்கை வேண்டுவோர் கேட்கட்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தற்கொலையால் மாண்ட மாணவர் 13,044 பேர். ஓர் ஊரே அழிந்தாற்போல! மழையில் இத்தனை பேர் மாண்டிருந்தால் அமைச்சர்கள் வந்திருப்பார்கள்.

சட்டம் உறங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதி, அவருக்குப் பராமரிப்பு அளிப்பதை அரசின் கடமை ஆக்கிற்று. 2017இல் தமிழ்நாட்டுத் தேர்வு முடிவுகளில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கம் ஒழிந்தது. 2022 டிசம்பரில் மாணவரே மாணவர்க்குத் துணை நிற்கும் "மனம்" என்னும் மனநல நல்லாதரவு மன்றங்கள் அரசு மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கின. 2025 ஜூலை 25இல் உச்சநீதிமன்றம், 100 மாணவருக்குக் குறையாத கல்வி நிலையம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் வேண்டும் என்றது. உதவி எண்ணை வகுப்பறையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவும் சொல்லிற்று. நன்று. ஆனால் டெல்லியில் எழுதிய தீர்ப்பு எங்கள் வகுப்பறைச் சுவரை அடைய எத்தனை காலம்? அரசு தரும் என்று காத்திருக்கலாமா, கேட்டுப் பெறலாமா?

கேட்டோம். படித்த இளைஞர் பதினோரு பேர் அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில் மனு வைத்தோம். வாரம் ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல ஆலோசகர் அமர வேண்டும். 14416 என்னும் எண்ணைப் பள்ளிச் சுவரிலும் பேருந்து நிறுத்தத்திலும் எழுத வேண்டும். இரண்டே வேண்டுகோள். பெரியவர் ஒருவர் எழுந்து, "நம் ஊரில் யாருக்கும் பைத்தியம் இல்லை, பெண் கேட்டு வருபவன் சுவரைப் பார்த்தால் என்ன நினைப்பான்?" என்றார். சிலர் சிரித்தனர், பலர் தலையசைத்தனர். எங்களில் ஒருவர், "சர்க்கரை நோய்க்கு முகாம் என்று எழுதியிருக்கிறோமே, ஐயா, அதைப் பார்த்துப் பெண் கேட்காமல் போனவர் உண்டா?" என்று பணிவோடு கேட்டார். அப்போதுதான் பின்வரிசையில் அமர்ந்திருந்த தாய் எழுந்தாள். கொத்து வேலைக்காரர் மனைவி. "என் பிள்ளைக்கு இருந்தது. எழுதுங்கள்" என்றாள். அவ்வளவே சொன்னாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டாள்.

தீர்மானம் பதிவாயிற்று. சுவரில் எண்ணை எங்கள் மாணவர்களே எழுதினர். கடைசி ஆறு கொஞ்சம் கோணல். ஆலோசகர் வரும் நாள் இன்னும் உறுதியாகவில்லை. மனுவின் படி ஒன்று வட்டார மருத்துவ அலுவலருக்குச் சென்றிருக்கிறது. ஜனவரி 26ஆம் நாள் சபைக்கு, கையொப்பம் திரட்டி வருகிறோம்.