45 மில்லிமீட்டர்

பெட்டி வந்த அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வெள்ளி?" பாதி விலையைச் சொன்னேன். அதற்கே தலையில் கை வைத்துக்கொண்டார்.

யாரோ விற்ற பழைய எல்.ஜி.பி. செட். ஒரு நீராவி எஞ்சின், இரண்டு பெட்டி, பித்தளைத் தண்டவாளம். லாபிஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் கம்பிக்கும் வாழைக்கும் நடுவே ஓடவிடுவதாகத் திட்டம். 'தோட்ட ரயில்' என்று சொன்னால் நம் ஊரில் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் வண்டி என்றுதான் நினைப்பார்கள். இது வீட்டுத் தோட்டத்து ரயில். 1968-இல் ஜெர்மனியின் லேமன் பொம்மை நிறுவனம் கொண்டுவந்தது. மழையிலும் வெயிலிலும் கிடக்கும்.

நான் இதில் விழுந்ததற்கு ஒரு கணக்குதான் காரணம். தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர், அளவுவிகிதம் 1:22.5. பெருக்கினால் 1,012.5. அதாவது, ஒரு மீட்டர் பாதை. 1909-இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை முழுமையான நம் பாதையும் மீட்டர் பாதைதான். இரட்டைத் தடமாகி மின்ரயில் ஓடும் இன்றும் அதே அகலம். ஐரோப்பிய மலை ரயில்களுக்காகச் செய்த பொம்மை லாபிஸுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பன்னண்டு மில்லி கூட இருக்கே. வளைவுல விடலாம். நேர்ல விட்டா மண்டோர் என்னைத் தொலைச்சிருப்பாரு."

அப்பா தண்டவாள கேங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டால் 'ரயில்வே' என்று மட்டும் எழுதுவேன். டிரைவர் என்று நண்பர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. ஒருநாள் பள்ளிப் பேருந்து ரயில் கேட்டில் நின்றபோது அவர் ஆரஞ்சு சட்டையில் சல்லிக்கல்லைக் குத்திக்கொண்டிருந்தார். நான் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினேன். அவர் பார்த்தாரா என்று இன்றுவரை கேட்டதில்லை.

பித்தளை இந்த ஈரத்தில் சீக்கிரம் கறுக்கும். இணைப்புகளில் மின்சாரம் தடைபடும். அதனால் பன்னிரண்டு மீட்டர் பக்கத்தில் எல்லா இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். காலையில் ரயில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கிறது.

மெக்கானிக்கல் படித்தவன் நான். வெப்ப விரிவைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கு இது: முப்பது டிகிரி ஏறினால் பன்னிரண்டு மீட்டர் பித்தளை ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர் நீளும். ஏழுதான். நீளப் போக இடமில்லாததால் ஒரே இடத்தில் நாலு விரற்கடை பக்கவாட்டில் பிதுங்கிவிட்டது.

அப்பா சிரிக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெளிவைத் தடவிப் பார்த்தார்.

"கல்லும் பத்தலை. மணலைக் கொட்டி வச்சிருக்கே. மழை வந்தா போயிடும். கல்லுக்கு மூலை இருக்கணும், ஒண்ணை ஒண்ணு பிடிக்கணும்." 2011 வெள்ளத்தில் அடியில் மண் கரைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதைப் பார்த்ததாகச் சொன்னார். அந்த வாரம் அவர் வீட்டுக்கு வராதது எனக்கு நினைவிருந்தது. எங்கே இருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர்தான் மண்டோர். பற்றவைத்ததை அறுக்கச் சொன்னார். ஒவ்வோர் இணைப்பிலும் பழைய இருபது சென் காசை நுழைத்து இடைவெளி பார்த்தார். மின்சாரத்துக்கு வளையக்கூடிய ஒயரால் பாலம் போட்டேன். அதில் மட்டும் அவர் தலையிடவில்லை. உடைத்த கருங்கல்லைச் சலித்து, சிலிப்பருக்கு அடியில் ஸ்குரூடிரைவரால் குத்தினார். என்னையும் குத்தச் சொன்னார். அரை மணியில் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. வளைவில் வெளித் தண்டவாளத்தை ஒரு இழை உயர்த்தியிருந்தார். வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.

நேற்று மதியம் ஓடவிடலாம் என்று போனேன். வளைவுக்கு முன்னால் ஒரு ஐஸ்கிரீம் குச்சி நட்டிருந்தது. மார்க்கரில் '10' என்று எழுதியிருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"வெயில் நேரம்டா. மெதுவா விடு."